ஆறு மாதத்தில் ஒரு தொழில்

"ஆறு மாதத்தில் நிரல் எழுதக் கற்றுத் தந்து, வேலையும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள், சேரலாமா, ஐயா?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் என் பழைய மாணவர்கள். அல்லது அவர்களுடைய தம்பி தங்கையர். வல்லக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்கிறவர்கள். ஒருவர் இயந்திரவியலில் பட்டயம் பெற்று ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பார். மற்றொருவர் வேதியியல் பட்டதாரி. கைப்பேசித் தொழிற்சாலையில் பொருளைச் சோதித்து அனுப்பும் வேலை பார்ப்பார். இருவர் கையிலும் ஒரே விதமான விளம்பரத் தாள் இருக்கும். "சேர்" என்றோ "சேராதே" என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். கேட்டவரும் மன நிறைவோடு போய்விடுவார். ஆனால் அந்த ஒரு சொல்லில் அவருடைய தாயாரின் வளையல்கள் அடங்கியிருக்கின்றன. ஆகையால் சிறிது விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வெளியூரார் வல்லக்கோட்டையை அறிந்தது முருகன் கோயிலால்தான். ஏழடி உயரத்தில் நிற்கும் மூலவரைக் காணக் கிருத்திகை நாளில் கூட்டம் வரும். மற்ற நாட்களில் ஏரியும் வயலும் சார்ந்த வாழ்க்கை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனம் கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. பின்னர் டைம்லர் சரக்கு வண்டிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் இங்கே உருவாகத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம் வடகாலில், கைப்பேசி ஆலைப் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குவதற்கென்று சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. பல சிற்றூர்களின் மக்கள் ஒரே வளாகத்தில் உறங்கி எழுகிறார்கள் என்றால் இப்பகுதியின் மாற்றத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டு வாசலிலேயே இவ்வளவு வேலை இருக்கும்போது பிள்ளைகள் ஏன் வேறு தொழிலை நாடுகிறார்கள்? உடலுழைப்புக்கு அஞ்சுகிறார்கள் என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கப்பெற்ற நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே உழைத்தவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் இளம் பெண்கள் மிகப் பலர். ஒரு சிறு பகுதியை மற்றொன்றோடு கண் இமைக்கும் நேரத்தில் பொருத்தும் விரல் திறமை அவர்களிடம் இருந்தது. ஆலை நின்ற மறுநாள் அந்தத் திறமைக்கு வேறெங்கும் விலை கிடைப்பது அரிதாயிற்று. 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் கார் செய்வதை நிறுத்தியது. அக்காவுக்கும் மாமாவுக்கும் நேர்ந்ததைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு தொழில் தம் கையில் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தில் குற்றமில்லை. அதை நிறைவேற்றிக்கொள்ளும் வழி இதுதானா என்பதே நாம் ஆராய வேண்டியது.

நிரல் என்பது தமிழ் மாணவர்களுக்கு அயலான சொல் அன்று. நிரல்நிறை அணியை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள். நிரல் என்றால் வரிசை. கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிசையே நிரல். அதை எழுதக் கற்றுத்தரும் குறுகிய காலக் கடும்பயிற்சிக்கு அமெரிக்கர்கள் பூட்கேம்ப் என்று பெயரிட்டார்கள். படையில் புதிதாகச் சேர்ந்தவரைத் தலை மழித்து, விடியற்காலையில் எழுப்பி, சில வாரங்களில் சிப்பாய் ஆக்கும் முகாமுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. 2012-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் தேவ் பூட்கேம்ப் என்ற நிறுவனம் தோன்றியது. நிரல் எழுதுவோருக்கு அப்போது பெரும் பஞ்சம். சில மாதப் பயிற்சி பெற்றவரையும் நிறுவனங்கள் அழைத்து வேலை கொடுத்தன. அதைக் கண்டு பல முகாம்கள் முளைத்தன. முன்னோடியான தேவ் பூட்கேம்ப் 2017 இறுதியில் மூடப்பட்டது. பல பல்கலைக்கழகங்களின் பெயரில் இத்தகைய முகாம்களை நடத்திவந்த 2யூ என்ற பெரிய நிறுவனம், 2024 டிசம்பரில் அந்தத் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது.

இடையில் நிகழ்ந்தது என்ன? ஆட்பஞ்சம் தணிந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது; அதன் பின்னர், தொடக்க நிலை ஊழியர் எழுதிவந்த சிறு சிறு நிரல்களை இயந்திரமே எழுதித் தரத் தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 2025 ஜூலையில், டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை வேலையிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பணியாளர்கள் என்று அந்த நிறுவனம் கூறியது உண்மைதான். எனினும் அனுபவசாலிகள் வேலை தேடி நிற்கும் சந்தையில், ஆறு மாதப் பயிற்சி பெற்றவர் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். நிரல் எழுதும் தொழில் அழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் கீழ்ப்படிகள் உயர்ந்துவிட்டன என்கிறேன். 2012-இல் ஆறு மாதத்தில் ஏறிய படியில் இன்று அதே ஆறு மாதத்தில் ஏற முடியாது. விளம்பரத் தாள் இதைச் சொல்வதில்லை.

குறுகிய காலத் தொழிற்கல்வி நமக்குப் புதிதன்று. உங்கள் பாட்டனார் காலத்தில் ஊருக்கு ஊர் தட்டெழுத்துப் பயிற்சி நிலையங்கள் இருந்தன. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவன் மறுநாளே அங்கே போய்ச் சேர்வான். நாளுக்கு ஒரு மணி நேரம். சிறு மாதக் கட்டணம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் என்றால் இளநிலை. 45 சொல் என்றால் முதுநிலை. அந்த நிலையங்களில் பல, ஒற்றை அறையில் நாலைந்து பழைய ரெமிங்டன் பொறிகளோடு இயங்கின. ஆசிரியர்களில் சிலர் கைதேர்ந்தவர்கள். சிலர் அப்படி அல்லர். இருந்தும் அந்த ஏற்பாடு பல்லாண்டுகள் நம்பிக்கைக்கு உரியதாக நிலைத்தது. காரணம் ஒன்று உண்டு. கற்றுத் தந்தவர் தேர்வு நடத்தவில்லை. தேர்வை நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை. சான்றிதழில் பயிற்சி நிலையத்தின் புகழுக்கு இடமில்லை. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதற்குத்தான் இடம். மதுரையில் கற்றாலும் காஞ்சியில் கற்றாலும் அலுவலகத்தார் அதை ஒரே மதிப்போடு ஏற்றார்கள். இன்றும் அந்தத் தேர்வு நடக்கிறது. தட்டச்சர் பணிக்கு அது இன்றும் தேவைப்படுகிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளிலிருந்து நான் கற்றுக்கொண்ட அடிப்படைகளுள் இது ஒன்று: கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் ஒருவராகவே இருந்து, மதிப்பெண்ணைப் பொறுத்து அவருக்கு வருமானமும் வருமானால், அந்த மதிப்பெண்ணை ஐயத்தோடுதான் நோக்க வேண்டும். நிரல் முகாம்கள் பலவற்றின் நிலைமை இதுவே. பாடத் திட்டம் அவர்களுடையது, தேர்வு அவர்களுடையது, சான்றிதழ் அவர்களுடையது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கும் அவர்களே எழுதியது. 1990-களில் கணினிப் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு தோன்றியபோதும் இதே நிலைதான். பெரிய நிறுவனங்கள் சில நிலைத்தன. மற்றவை பெயர்ப்பலகையோடு மறைந்தன. அவை தந்த சான்றிதழ்கள் பலருடைய வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன.

எண்களைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் 2017-இல் லாம்டா ஸ்கூல் என்ற முகாம் தொடங்கப்பட்டது. பின்னர் அது புளூம் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று பெயர் மாற்றிக்கொண்டது. "இப்போது கட்டணம் வேண்டாம்; வேலை கிடைத்த பின் சம்பளத்தில் ஒரு பங்கு தந்தால் போதும்" என்பது அதன் கவர்ச்சி. படித்தவருள் 71 முதல் 86 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் வேலை பெற்றதாக அது விளம்பரம் செய்தது. அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தபோது, உண்மை அளவு ஏறக்குறைய 50 விழுக்காடு என்றும், சில சமயம் 30 விழுக்காடு வரை இறங்கியது என்றும் கூறியது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு வகுப்பில் நூற்றுக்கு நூறு பேரும் வேலை பெற்றதாக அதன் தலைவர் ஊரறியப் பெருமை பேசினார். அந்தக் கணக்கில் இருந்த மாணவர் ஒரே ஒருவர்! கட்டணப் பங்கு கடன் அன்று என்று மாணவரிடம் சொல்லியிருந்தார்கள். அதுவும் கடனே என்று அமைப்பு முடிவு செய்து, மாணவருக்குக் கடன் தருவதிலிருந்து அந்த நிறுவனத்தைத் தடை செய்தது.

இதைக் கேட்டு நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் எவரும் வியக்கமாட்டார். ஒன்பதாம் வகுப்பிலேயே பலவீனமான பிள்ளைகளை வடிகட்டி வெளியே அனுப்பிவிட்டுப் பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பதாகை கட்டும் கலையை நாம் அறிவோம். எந்த விழுக்காட்டைக் கண்டாலும், எத்தனை பேரில் என்று கேளுங்கள். யாரை விட்டுவிட்டு எண்ணினீர்கள் என்றும் கேளுங்கள். கேட்க மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலும் சான்று உண்டு. பிள்ளைகளுக்கு நிரல் கற்பித்த ஒயிட்ஹாட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில், சிறு வயதிலேயே பெருஞ்சம்பள வேலை பெற்ற உல்ஃப் குப்தா என்ற சிறுவன் தோன்றினான். அவன் கற்பனைப் பாத்திரம். 2020-இல் விளம்பரத் தரக் குழு தலையிட்ட பிறகு அந்நிறுவனம் தன் விளம்பரங்கள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. இல்லாத சிறுவனோடு தம் பிள்ளையை ஒப்பிட்டு வருந்திய பெற்றோர் எத்தனை பேரோ!

சரி, முகாம்கள் உண்மையில் எதை விற்கின்றன? அறிவை விற்கின்றன என்று நினைக்கிறோம். நிரல் எழுதும் அறிவு இன்று ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். சான்றிதழ் தேவையென்றால் மட்டும் சிறு கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. ஆகவே முகாமில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது வேறு மூன்று. காலையில் எழுந்து படிக்க வைக்கும் கால அட்டவணை ஒன்று. பிழையைச் சுட்டிக் காட்டும் ஆசிரியரும் உடன் படிக்கும் துணையும் மற்றொன்று. வேலை தருகிறவரிடம் அழைத்துச் செல்லும் அறிமுகம் மூன்றாவது. இவற்றுள் உங்களிடம் இல்லாதது எது? மூன்றும் இல்லை என்றால் முகாம் பயன்படலாம். அட்டவணை மட்டுமே குறை என்றால், இரண்டு நண்பர்கள் கூடி நாள்தோறும் ஒரு மணி நேரம் படிப்பது போதும். அதற்கு லட்சம் ரூபாய் வேண்டாம்.

தன்னைத் தானே சோதித்துப் பார்க்காமல் எவரும் பணம் கட்டக்கூடாது என்பது என் திடமான கருத்து. பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். வேலையை விட வேண்டாம். ஷிப்டு முடிந்து ஒரு மணி நேரம், பைதான் மொழியின் தொடக்கப் பாடங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு கணக்கை எடுங்கள். ஆறு தொழிலாளர், மூன்று ஷிப்டு. வாரந்தோறும் மாற வேண்டும். இரவு ஷிப்டு முடித்தவர் உடனே காலை ஷிப்டுக்கு வரக்கூடாது. ஒருவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வேண்டும். இந்த அட்டவணையைக் கணினியே போட்டுத் தரும்படி ஒரு நிரல் எழுதுங்கள். முதல் முறை அது தவறாகப் போகும். இரண்டாம் முறையும் போகும். அப்போது உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

வகுப்பறையில் இருவகைப் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கணக்கு தவறு என்றவுடன் ஒருவன் முழுவதையும் அழித்துவிட்டு, பக்கத்துப் பையனின் விடையைப் பார்த்து எழுதுவான். மற்றவன் எந்த வரியில் பிசகிற்று என்று விரலால் தொட்டுத் தொட்டுத் தேடுவான். இரண்டாமவன் மதிப்பெண் குறைவாக வாங்குவதும் உண்டு. நிரல் எழுதும் வேலையில் பெரும்பகுதி இந்தத் தேடல்தான். அது உங்களுக்குச் சலிப்பைத் தந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; வேறு வேலை உங்களுக்கு ஏற்றது. அது சுவையாக இருந்து, மணி பன்னிரண்டு ஆனதும் தெரியாமல் அமர்ந்திருந்தீர்கள் என்றால், அந்தச் செய்தி எந்த முகாமின் நுழைவுத் தேர்வைவிடவும் நம்பத்தக்கது. இயந்திரம் நிரல் எழுதித் தரும் இக்காலத்தில் இந்தச் சோதனை இன்னும் அவசியமாகிறது. இயந்திரம் தந்ததில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இனி மதிப்பு. ஆகையால் சோதனைக் காலத்தில் இயந்திரத்தை எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்காதீர்கள்.

இனிப் பணக் கணக்கு. இதைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பவர் நூற்றில் சிலரே. கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு நேரப் பயிற்சி என்றால் இப்போதைய வேலையை விட வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆறு மாதத்தில் இழப்பது 90,000. சென்னையிலோ பெங்களூரிலோ தங்கி உண்ண மாதம் 8,000 என்றால் 48,000. ஆக மொத்தம் 2,88,000 ரூபாய். கட்டணச் சீட்டில் பாதியளவுதான் எழுதியிருக்கிறது. புதிய வேலையில் மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், செலவை ஈடுகட்ட ஏறத்தாழ 58 மாதங்கள் ஆகும். வட்டியைச் சேர்க்காமலே ஐந்தாண்டுக்கு அருகில் வந்துவிட்டது. மாதம் 15,000 கூடுதலாகக் கிடைத்தால் இருபது மாதத்துக்குள் ஈடாகிவிடும். எனவே, "வேலை கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தச் சம்பளத்தில், எத்தனை மாதம் கழித்து என்பதும் தெரிந்தால்தான் கணக்கு முடியும். படித்து முடித்து வேலை தேடும் மாதங்களுக்கும் சோறு வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாதத் தவணை என்ற சொல்லில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. தவணையைப் பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டுகிறோம் என்று மாணவர் எண்ணுகிறார். பல சமயங்களில், ஒரு நிதி நிறுவனம் மாணவர் பெயரில் கடன் எழுதி, முழுத் தொகையையும் பயிற்சி நிறுவனத்துக்கு முன்னதாகவே கொடுத்துவிடுகிறது. பின்னர் வகுப்பு நடக்கவில்லை என்றாலும் கடன் நிற்கும். 2023-இல் பெங்களூரில் தரவு அறிவியல் கற்பிப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனம் திடீரென்று நின்றுபோனது. அதை நம்பிக் கடன் எடுத்திருந்த ஏராளமான மாணவர்கள் காவல் நிலையத்துக்கு நடக்க நேர்ந்தது. கைப்பேசியில் வரும் எண்ணைச் சொல்லும்படி கேட்டு, இரண்டு நிமிடத்தில் கடனை முடித்துவிடுவார்கள். அந்த எண்ணைச் சொல்வதும் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் ஒன்றே. நகையை அடகு வைக்கும்போது அப்பாவும் அம்மாவும் எவ்வளவு முறை யோசிக்கிறார்கள்! இங்கே யோசிக்கவே நேரம் தருவதில்லை.

நம் பகுதி இளைஞர்களுக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது; இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் அதுவே. நிரல் என்றால் குளிர்பதன அறையில், பழைய மாமல்லபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் எழுதப்படுவது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் நாள்தோறும் நிற்கும் தொழிற்சாலைத் தளத்தில் நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் உடலைப் பற்றவைக்கும் ரோபோ நிரலால் இயங்குகிறது. சி.என்.சி. கடைசல் பொறி, எழுத்தும் எண்ணும் கலந்த கட்டளை வரிகளைப் படித்தே உலோகத்தைச் செதுக்குகிறது. பொருள் நகரும் பட்டை எப்போது நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதை பி.எல்.சி. என்ற சிறு பெட்டி தீர்மானிக்கிறது. இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஆண்டுதோறும் கார் வடிவம் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளை மாற்றிக் கட்டுவது பெருந்தொல்லை என்று கருதி, மாற்று ஒன்றைக் கேட்டது. டிக் மார்லி என்பவரும் அவருடைய தோழர்களும் மோடிகான் என்ற கருவியைச் செய்து கொடுத்தார்கள். அதற்கு நிரல் எழுதும் முறையை, ஆலையிலிருந்த மின் பணியாளர் படித்துப் புரிந்துகொள்ளும்படி மின்சுற்றுப் படம் போலவே அமைத்தார்கள். ஏணி போலத் தோன்றுவதால் அதற்கு லேடர் என்று பெயர். தொழிலாளியைத் தள்ளிவைக்காமல், அவனுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் சென்ற ஏற்பாடு அது. நல்லாசிரியர் செய்வதும் அதைத்தான்.

மூன்றாண்டு தளத்தில் நின்ற பட்டயதாரிக்கு, இயந்திரம் எந்த நேரத்தில் முரண்டு பிடிக்கும், எந்த உணரியில் தூசு படியும் என்பதெல்லாம் தெரியும். சென்னையில் ஆறு மாதம் இணையதளம் அமைக்கக் கற்றவருக்கு அது தெரியாது. அந்த அறிவைக் கழற்றி எறிந்துவிட்டு, இணையதளம் அமைப்போர் கூட்டத்தில் கடைசி ஆளாகப் போய் நிற்பதா? அல்லது அந்த அறிவின் மேலேயே நிரலைச் சேர்த்துக்கொண்டு, பராமரிப்புப் பிரிவுக்கும் தானியக்கப் பிரிவுக்கும் நகர்வதா? 2023-இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ரோபோ, தானியக்கம் முதலியவற்றைக் கற்பிக்கும் தொழில் 4.0 மையங்களைத் திறந்தது. ஒரகடம் நிலையமும் அவற்றுள் ஒன்று. விளம்பரத் தாளைக் கையில் பிடித்தபடி அந்தக் கட்டடத்தைப் பேருந்தில் கடந்து போகிறவர்கள் ஒரு நாள் இறங்கி உள்ளே போய் விசாரிக்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் பழகுநராகச் சேர்ந்தால், கற்கும்போதே உதவித்தொகையும் கிடைக்கும்.

ஆலை வேலையே வேண்டாம், மென்பொருளே வேண்டும் என்று உறுதி கொண்டவர்களும் இருப்பார்கள். பன்னிரண்டு வாரச் சோதனையில் தேறியவர் என்றால் அவர்களை நான் தடுக்கமாட்டேன். பணம் கட்டும் முகாமுக்கு முன்னால் அவர்கள் தட்டிப் பார்க்க வேண்டிய கதவுகள் சில உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சோஹோ பள்ளிகள், மேல்நிலைப் படிப்போ பட்டயமோ முடித்தவரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு பயிற்றுகின்றன. கூடுவாஞ்சேரிப் பக்கமும் தென்காசியிலும் அவை இயங்குகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டாம், நான்கு வாரம் பாடம் கற்பித்து, அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறார்கள். ஏழை மாணவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். கல்லூரியில் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள், 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகத் தம் கல்லூரிக்கு வந்த பாடங்களை முதலில் கேட்டறியட்டும். சோஹோ பணம் வாங்காமல் பயிற்றுகிறது. ஐ.ஐ.டி. பெருந்தொகை வாங்குவதற்கு முன் தகுதி பார்க்கிறது. பணம் கொடுத்தவரை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இத்தனைக்கும் பிறகு ஒரு முகாமில் சேர்வதே நல்லது என்று தோன்றுமானால், சேருங்கள். தொலைபேசியில் பேசும் ஆலோசகரிடம், "இன்று மாலைக்குள் கட்டினால் சலுகை" என்றால், சலுகை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பயிற்சி நிலையங்கள் பொய்யான வெற்றிக் கணக்கைக் காட்டுவதையும், தேறியவரின் ஒப்புதலின்றி அவர் படத்தை விளம்பரத்தில் போடுவதையும் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. முறையீடு செய்ய 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பகுதி நேர வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். உண்டென்றால் வேலையை விடாமல் படியுங்கள், மேலே போட்ட கணக்கில் 90,000 ரூபாய் அப்போதே குறைந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை நாளில், அறிவிக்காமல், அந்த இடத்துக்கு நேரில் போங்கள். ஒரு வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் தாமே நிரல் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறாரா, மாணவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். சென்ற முறை படித்து முடித்து இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவர் எவரேனும் அங்கே வருவார். அலுவலகச் சுவரில் படம் மாட்டியிருப்பவரிடம் கேட்பதைவிட, அவரிடம் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். அப்பாவையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.